'நாந்தானுங்க' என்றால் யாருங்க?

போன வாரம் உங்கள் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையைச் சுற்றிக் காட்டினீர்கள். அறை குளிர்ச்சியாக இருந்தது, காபியும் நன்றாக இருந்தது. சுவர் முழுக்கத் திரை. உங்களில் ஒரு பெண் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கிருந்து ஒரு செய்தி போனா, அந்த மீட்டர் எந்த மூலையில இருந்தாலும் பதில் சொல்லிரும் சார்" என்றாள். "பதில் சொல்றது அந்த மீட்டர்தான்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். "யார் அனுப்பறாங்க, யாருக்கு அனுப்பறாங்கன்னு ஒவ்வொரு செய்தியிலயும் முதல்லயே இருக்கும் சார். அது இல்லாத செய்தியை எடுத்துக்கவே எடுத்துக்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் இரண்டு வாக்கியத்தில் சொன்னதை நாங்கள் கற்றுக்கொள்ள ஒரு மனிதன் கம்பத்தின் மேல் உட்கார வேண்டியிருந்தது. அதை நினைத்துத்தான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, ஆனால் எனக்கு எப்போதும் சிரிப்பும் கோபமும் தப்பான நேரத்தில்தான் வரும். இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், டிப்ளமா முடித்த கையோடு நான் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். கோயமுத்தூருக்கு வடக்கே, துடியலூர் போகிற சாலையை ஒட்டி ஒரு துணைமின் நிலையம். அன்றைக்குச் சுற்றிலும் சோளக்காடு. எங்கள் நிலையத்தையும் கருமத்தம்பட்டி, சோமனூர், அவிநாசி, அன்னூர், பல்லடம் ஆகிய ஊர்களின் நிலையங்களையும் இணைக்க இலாகாவே ஒரு தொலைபேசிக் கம்பி இழுத்திருந்தது. ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரே கம்பி. தனித்தனிக் கம்பி இழுக்க யாருக்கு மனசு வந்தது? மின்சாரக் கம்பி போகிற அதே கம்பத்தில், அதற்குக் கீழே, இந்தப் பேச்சுக் கம்பியும் போகும். மேலே ஓடும் மின்சாரம் கீழே உள்ள கம்பியிலும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்கு நடுவில்தான் மனிதக் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சுவரில் ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் ஆறு ஊரிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். அப்புறம் யாரைக் கூப்பிடுகிறோம் என்று எப்படித் தெரியும்? சுற்றுகிற விதத்தில்தான். கருமத்தம்பட்டிக்கு இரண்டு நீளம் ஒரு குட்டை. சோமனூருக்கு ஒரு நீளம் இரண்டு குட்டை. இப்படி ஆளுக்கொரு மணி. தன் மணி அடித்தால் எடுக்க வேண்டும், அடுத்தவன் மணி அடித்தால் சும்மா இருக்க வேண்டும். இதுதான் சட்டம். மழை நாளில் பேச வேண்டுமென்றால் ரப்பர் விரிப்பின் மேல் ஏறி நின்றுகொண்டு பேச வேண்டும் என்பது இன்னொரு சட்டம். இரண்டாவது சட்டத்தை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம், ஏனென்றால் அது எங்கள் உயிரைப் பற்றியது.

முதல் சட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அடுத்தவன் மணி அடித்தால் ரிசீவரைத் தூக்காமல் இருக்க எங்களில் ஒருவராலும் முடியாது. அவிநாசிக்காரர் தங்கைக்கு அன்னூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். விசாரித்துச் சொல்லும்படி அன்னூர் ஆபரேட்டரிடம் கேட்டிருந்தார். பதில் வந்த அன்றைக்குக் கம்பியில் நான், பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி எல்லோரும் இருந்தோம். இதில் ஒரு தொழில் விஷயம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியில் ஒவ்வொரு ரிசீவரைத் தூக்கும்போதும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒரு பானைச் சோற்றை ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? அன்னூர்க்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்றே அவிநாசிக்காரருக்கு விளங்கவில்லை.

கடைசியில் அவிநாசிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கறவங்கெல்லாம் தயவு பண்ணி வெச்சுபோடுங்க சாமி, எந்தங்கச்சி கலியாணமுங்க!" என்றார். வைத்திருக்கலாம், ஆனால் நாங்கள் கொங்கு நாட்டுக்காரர்கள் ஆயிற்றே! சொல்லாமல் கொள்ளாமல் போனால் மரியாதையா? "சரிங்க, வெச்சர்றேனுங்க" என்கிறார் ஒருவர். "நானும் வெச்சர்றேனுங்க, நல்லபடியா முடியோணுமுங்க" என்கிறார் இன்னொருவர். நாலு பேரும் ஒரே நேரத்தில் விடைபெற்றோம். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காததால் மறுபடியும் விடைபெற்றோம். திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்டவர்கள் இவ்வளவு மரியாதையாக விடைபெற்றது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று எங்களிடம் இருந்தது. அப்போது அதை வம்பு என்று யாரும் நினைக்கவில்லை, நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தோம். எங்கள் பக்கம் வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயிலேயே ஒன்று போடுவார்கள். தன் பேரைத் தானே முந்திக்கொண்டு சொல்வதும் அழகில்லை. "நான் இன்னார் பேசறேன்" என்று ஒருவன் ஆரம்பித்தால், "ஓகோ, இவரு பெரிய கலெக்டரு" என்று கம்பியின் மறுமுனையில் சிரிப்பு கேட்கும். அதனால் மணி அடித்தால் எடுத்து "ஏனுங்ணா" என்போம். "யாருங்க?" என்று கேட்டால் "நாந்தானுங்க" என்போம். குரலை வைத்தும், கைப்பிடி சுற்றுகிற தினுசை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்துக்கொண்டும் இருந்தோம். நல்ல வெயில் நாளில் அதில் ஒரு சங்கடமும் வரவில்லை.

கருமத்தம்பட்டியில் இருந்தவரை நான் 'கருமத்தம்பட்டி அண்ணன்' என்று மட்டும் அறிவேன். நேரில் பார்த்ததில்லை. பேர் என்னவென்று கேட்க வாய் வந்ததில்லை. லைன்மேனாக இருந்து ஆபரேட்டராக வந்தவர். மெதுவான குரல், எடுத்ததும் "சாப்புட்டீங்ளா?" என்று கேட்காமல் வேலைப் பேச்சைத் தொடங்க மாட்டார். மழை இரைச்சலில் கத்திப் பேசாதே, தணித்துப் பேசினால்தான் வார்த்தை தெளிவாக விழும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். நான் படித்த படிப்பில் அது இல்லை. அவர் படிக்காத கணக்கு என்னிடம் இருந்தது, அதை அவர் என்னிடம் கேட்டுக்கொள்வார். இப்படித்தான் எங்கள் சிநேகம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. லைனில் ஆட்கள் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால், அந்த லைனுக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்துக்காரர், கருமத்தம்பட்டி லைனுக்கு நான், மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும், யார் கேட்டு வாங்கினாரோ அவரே லைனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்சைப் போடலாம். மற்றவர்கள் "எல்லாரும் எறங்கீட்டாங்க, குடுத்துருங்க" என்பார்கள். கருமத்தம்பட்டி அண்ணன் மட்டும் "ஏறுனது இத்தனை பேரு, எறங்குனது இத்தனை பேரு" என்று எண்ணிச் சொல்வார். ஒருநாள் நான் கிண்டல் செய்தேன், "எல்லாரும்னு சொன்னா பத்தாதுங்ளாண்ணா?" என்று. "எல்லாரும்ங்கறது ஒரு கணக்காங்க கண்ணு?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம், ஒரு கோடை மழை. எங்கள் பக்கத்துக் கோடை மழை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை கொளுத்தும், பிறகு அவிநாசிப் பக்கம் வானம் கறுக்கும், காற்று முதலில் வரும், மரத்தை முறித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் மழை வரும். அன்றைக்கும் அப்படியே. கருமத்தம்பட்டி லைனில் மின்சாரம் தானாக நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு நீளம் மூன்று குட்டை அடித்தது, அது என் மணி.

"சாப்புட்டீங்ளா?" என்றார் அண்ணன். "புளியமரக் கெளை முறிஞ்சு லைன் மேல கெடக்குதுங்க. ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயேதான், கண்ணுக்குத் தெரியுது. லைன் எடுத்துக்கறேனுங்க. நாலு பேரு ஏறறாங்க."

நான் மின்சாரம் சேராதபடி சுவிட்சைத் திறந்து பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "எடுத்துக்குங்க, நாலு பேரு" என்றேன்.

கருமத்தம்பட்டி லைன் போனால் ஒரு பெரிய நூற்பாலை நின்றுவிடும். மில் மேனேஜர் ஒரு நாயுடு, நல்ல மனுஷர், ஆனால் அவருடைய முதலாளி அவர் தலைமேல் உட்கார்ந்திருந்தார். மேஜையில் இருந்த ஊர்த் தொலைபேசியில் கூப்பிட்டபடி இருந்தார். "ஏம்ப்பா, பாதி நூலோட நிக்குது, அறுந்துச்சுன்னா எல்லாம் கழிவுதான். எப்பப்பா வரும்?" நான் "வேலை நடக்குதுங்க" என்பதைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்குள் எங்கள் உதவிப் பொறியாளரும் ஜீப்பில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். மேலதிகாரி வீட்டிலிருந்தே இவரைக் கூப்பிட்டு விரட்டியிருக்கிறார். தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னும் ஆகலையா?" என்றார். நான் அப்போது தற்காலிக ஊழியன், இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் எழுதுகிற ஒரு வரியில் என் வேலை இருந்தது.

அப்போது மணி அடித்தது. இடி இறங்கிக்கொண்டிருந்ததால் மணியும் விட்டுவிட்டு அடித்தது. நீளமா குட்டையா என்று பிரிக்க முடியவில்லை. என் மணியாக இருக்கும் என்று ரப்பர் விரிப்பில் ஏறி நின்று எடுத்தேன். ஒரே இரைச்சல். அதற்கு அடியிலிருந்து ஒரு குரல்:

"ஏனுங்ணா, இங்க வேலை முடிஞ்சு போச்சுங்க. ஆளுங்க எல்லாரும் எறங்கீட்டாங்க. லைன் குடுத்துருங்க."

ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் நிமிர்ந்தார். "அதான் சொல்லிட்டாரே. போடுப்பா."

என் கை சாவிக்குப் போனது. சட்டைப் பையைத் தொட்டும் விட்டது. ஆனால் மனசுக்குள் என்னவோ ஒன்று இடறியது. 'எல்லாரும்'. அண்ணன் எல்லாரும் என்று சொல்ல மாட்டாரே? சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லையே? மழையில் அவசரமாக இருக்கும் என்று ஒரு பக்கம் தோன்றியது. குரல் அவர் குரல் மாதிரியும் இருந்தது, அந்த இரைச்சலில் எல்லோர் குரலும் அவர் குரல் மாதிரிதான் இருந்திருக்கும்.

"யாருங்க பேசறது?" என்றேன்.

"நாந்தானுங்க."

பாருங்கள்! ஆறு ஊர்க்காரரும் 'நாந்தானுங்க'தான். என் பிறந்த மண்ணின் மரியாதை மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் வேறெப்போதும் வந்ததில்லை. "எந்த ஊருங்க? ஊரைச் சொல்லுங்க!" என்று கத்தினேன். தணித்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது. பதில் வந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், என் கத்தலைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்களும் பதறிப்போய் ரிசீவரை எடுத்துவிட்டார்கள். "என்னாச்சுங்க?" "யாருக்கு என்னங்க?" "நான் பல்லடமுங்க, எதாச்சும் ஒதவி வேணுங்ளா?" எல்லோருக்கும் நல்ல மனசு. அந்த நல்ல மனசெல்லாம் சேர்ந்து குரலை நூலாக்கிவிட்டது.

"எல்லாரும் வெச்சுபோடுங்க!" என்றேன். வைத்தார்களா? "சரிங்க, வெச்சர்றேனுங்க." "ஜாக்கிரதையா இருந்துக்குங்க, வெச்சர்றேனுங்க." ஒருவர் மேல் ஒருவராக விடைபெற்று முடிக்கும் வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கம்பி ஓய்ந்தபோது அந்த முதல் குரலும் போய்விட்டிருந்தது.

கருமத்தம்பட்டி மணியை அடித்தேன், இரண்டு நீளம் ஒரு குட்டை. பதில் இல்லை. மறுபடி அடித்தேன். பதில் இல்லை.

"வேலை முடிஞ்சுது, ஆள் டீ குடிக்கப் போயிருப்பான். அவன்தானே அப்பவே சொன்னான்" என்றார் பொறியாளர். மேஜைத் தொலைபேசி அலறியது, மில் மேனேஜர்தான். நான் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "சார், அது கருமத்தம்பட்டின்னு எனக்குத் தெரியலைங்க சார்" என்றேன்.

"அது கருமத்தம்பட்டி இல்லைன்னு தெரியுமா?"

"அதும் தெரியலைங்க."

"அப்போ?"

"தெரியறவரைக்கும் நான் போட மாட்டேனுங்க சார்." சொல்லிவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சைப் போட்ட பிறகு என்ன கேட்கப் போகிறேனோ என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயத்தைவிட ஒரு நூல் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பொறியாளரை நான் வில்லனாகக் காட்டினால் எனக்குச் சோறு இறங்காது. அவர் மேஜைத் தொலைபேசியை எடுத்து, "கம்பத்துல ஆள் இருக்கலாம்னு சந்தேகம். இல்லைன்னு தெரியாம நான் கொடுக்க முடியாது. உங்க முதலாளிகிட்ட என் பேரைச் சொல்லிக்குங்க" என்று நிதானமாகச் சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, எல்லாரையும் சேர்த்துக் கேட்டாத்தானே கூச்சல்? ஒவ்வொரு ஊரா மணி அடி. நீதான் பேசினியான்னு கேளு. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அடுத்த ஊர்" என்றார். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றாத யோசனை அது. நீங்கள் இப்போது உங்கள் மீட்டர்களை வரிசையாக விசாரிக்கிறீர்களே, அதையேதான் அவர் அன்றைக்கு ஈரத் தலையோடு சொன்னார்.

பல்லடத்தை அடித்தேன். "நான் பேசலீங்க." அன்னூரை அடித்தேன். "நானில்லீங்க." அவிநாசியை அடித்தேன். "நான் பேசலீங்க, ஆனா சோமனூர்க்காரரு எங்கிட்ட எடுத்த லைனை இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க, அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறனுங்க" என்றார். சோமனூரை அடித்தேன்.

"ஆமாங்ணா, நாந்தானுங்க பேசுனேன்" என்றார் சோமனூர்க்காரர். "அவிநாசிண்ணங்கிட்டச் சொன்னேனுங்க. அவுரு ஏனோ ஊரு எதுன்னு கேட்டுச் சத்தம் போட்டாருங்க."

சத்தம் போட்டது நான் என்பது அவருக்குத் தெரியாது. அவிநாசிக்கு அடித்த மணி இடியில் சிதைந்து என் மணியாகக் காதில் விழுந்திருக்கிறது. அவர் யாரிடம் பேசுகிறோம் என்று கேட்கவில்லை, யார் பேசுகிறோம் என்றும் சொல்லவில்லை. கேட்டது முழுக்க உண்மையான செய்திதான், ஒரு எழுத்துப் பொய்யில்லை, ஆனால் எனக்கு வந்ததில்லை.

அப்படியானால் கருமத்தம்பட்டி லைனை இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் பொறியாளரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிச்சுக்கிட்டே இரு" என்றார்.

அடித்தேன். இரண்டு நீளம் ஒரு குட்டை. மழை கொஞ்சம் தணிந்திருந்தது, மணி இப்போது சிதையாமல் போயிருக்கும். ஒருவரும் எடுக்கவில்லை. மற்ற ஊர்க்காரர் ஒருவர்கூட ரிசீவரைத் தூக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கம்பி அத்தனை சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றினேன். தோள் விட்டுப்போயிற்று. பொறியாளர் எழுந்து வந்து, "தள்ளு" என்று அவரே கொஞ்ச நேரம் சுற்றினார்.

பிறகு மறுமுனையில் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். நான் அவரிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏனுங் கண்ணு, இத்தனை நேரம் மணி அடிக்குது, என்னமோ ஏதோன்னு ஓடியாறேன்." அண்ணனேதான். "லைன் திருப்பிக் குடுக்கறேனுங்க. ஏறுனது அஞ்சு பேரு, எறங்குனது அஞ்சு பேருங்க."

"நாலுன்னுதானுங்ணா சொன்னீங்க? அஞ்சாவது யாருங்க?"

கொஞ்சம் தயங்கினார். "நாந்தானுங்க."

"நாந்தான்னா யாருங்ணா!" என்று கத்தினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் என்று எனக்குத் தெரியாமலா கேட்டேன்? தெரிந்துதான் கேட்டேன்.

அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. "சுப்பண்ணனுங்க" என்றார் மெதுவாக. "கருமத்தம்பட்டி சுப்பண்ணன்."

நடந்தது இதுதான். கிளையை வெட்டித் தள்ளி, கம்பியைக் கட்டி முடித்துவிட்டார்கள். லைனைத் தரையோடு பிணைக்கும் காப்புச் சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஒரு கம்பத்தின் உச்சியில் கம்பியின் கட்டு சரியில்லை என்று இவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஏறி இறங்கிய நாலு பேரில் ஒருவருக்குக் கை கிழிந்திருந்தது, மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷ வேலைதானே என்று இந்தப் பழைய லைன்மேன் தானே ஏறிவிட்டார். சங்கிலியை மறுபடி மாட்டவில்லை. லைன் தன் பேரில்தானே இருக்கிறது, தான் திருப்பிக் கொடுக்காமல் யார் சுவிட்சைப் போடப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. ஒரு நிமிஷ வேலை இழுத்துக்கொண்டது. ஸ்டேஷனில் ஓயாமல் மணி அடிப்பது கம்பத்தின் மேல் வரை கேட்டதால்தான் கட்டு வேலையை முடித்த கையோடு இறங்கி ஓடி வந்திருக்கிறார்.

நான் மணி அடித்துப் பதில் வரவில்லை என்று நின்றேனே, அப்போது பதில் சொல்ல வேண்டியவர் மேலே அந்த மின்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இங்கே சொல்லத் தேவையில்லை. உங்கள் திரையில் பதில் வராமல் சிவப்பு வரும்போது, 'நெட்வொர்க் கோளாறாக இருக்கும், போகட்டும்' என்று ஒரு கை தானாகப் பொத்தானுக்குப் போகும். போகும், எனக்கும் போயிற்று. அந்தக் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

"கருமத்தம்பட்டி சுப்பண்ணன், ஏறினது ஐந்து, இறங்கினது ஐந்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பொறியாளரை ஒருமுறை பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன். மேஜைத் தொலைபேசியில் நாயுடு, "வந்துருச்சுப்பா, வந்துருச்சு" என்றார். கம்பத்தில் இருந்தவரைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் மில் காரில் பழக்கூடையோடு கருமத்தம்பட்டிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரமே எங்கள் பொறியாளர் ஆறு ஊருக்கும் ஒரு விதி போட்டார். எடுத்ததும் ஊர், பேர். பேசுவது யாரிடம் என்று அவருடைய ஊர், பேர். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் வரும் செய்தி செய்தியே இல்லை. முதலில் எல்லோருக்கும் கூச்சம். பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. "பல்லடம்... மன்னிச்சுக்கங்க... பழனியப்பண்ணனுங்ளா?" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேர் சொன்னார்கள். போகப் போகப் பழகிவிட்டது. சோமனூர்க்காரர்தான் பாவம், அந்த நாளை நினைத்து வெகு நாள் வருத்தப்பட்டார். உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்கு நாங்கள் எல்லோரும் கொடுத்திருந்த பழக்கம் அது என்று நானும் பலமுறை சொன்னேன்.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம், காந்திபுரம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். கம்பியில் மற்ற ஐந்து ஊருக்கும் சொல்லி அழைத்திருந்தேன். தாலி கட்டி முடிந்து, நானும் என் மனைவியும் நின்றுகொண்டிருக்கிறோம், வருகிறவர்கள் கையில் தேங்காய்ப் பையைக் கொடுத்து வணங்கிக்கொண்டிருக்கிறோம். வரிசையில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, காதோரம் நரை. எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் என் முன்னால் நின்று கை கூப்பினார்.

"கருமத்தம்பட்டி சுப்பண்ணன் பேசறேனுங்க" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார், நான் திருப்பிச் சொல்வதற்காக.

என் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கருமத்தம்பட்டி சுப்பண்ணன், கேட்டுதுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். "சாப்புட்டீங்ளா?" என்று கேட்டார், என் கல்யாணத்தில் என்னையே.

அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தார். முன்னால் வந்து என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு லைன் குடுக்காம நிறுத்தி வெச்சது நீங்கதானுங்ளா?" என்று கேட்டார்.

ஊர் பேர் இல்லாமல் பேசாதே என்று ஆறு ஊரும் கேட்கக் கத்தியவன் நான். அந்த இடத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"நாந்தானுங்க" என்றேன்.